புனிறு தீரும் காலம்

செய்யூர்க் கந்தசாமி கோயிலில் குடிகொண்டிருக்கும் முருகன்மீது ஒரு பிள்ளைத்தமிழ் உண்டு. பொன்விளைந்த களத்தூர் அந்தகக்கவி வீரராகவ முதலியார் பாடியது. கண்பார்வை இல்லாத அப்புலவர், தாம் காணாத ஒரு குழந்தையைக் காப்புப் பருவம் தொடங்கிச் சிறுதேர்ப் பருவம் வரை வளர்த்துக் காட்டினார். அவர் பாடிய சேயூர்தான் இன்றைய செய்யூர். 2019 இல் பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு வட்டத் தலைநகர்.

பிள்ளைத்தமிழின் இலக்கணம் நாம் அறிந்ததே. குழந்தை ஒரு காலை மடக்கி, கைகளை ஊன்றி, தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரைக்கு ஐந்தாம் மாதம். கைகொட்டும் சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம். தளர்நடையிட்டு வரும் வருகைக்கு ஓராண்டு அளவு. எந்தத் திங்களில் எந்தத் தசை வலுப்பெறும், எந்த மூட்டு நிமிரும் என்பதையெல்லாம் கூர்ந்து நோக்கிய ஒரு மரபுதான் இப்பருவங்களை வகுத்திருக்க முடியும். கவிதை என்று மட்டும் அதைச் சொல்லிவிட முடியாது. குழந்தை உடம்பின் நாட்குறிப்பும் அதுவே.

ஆனால் அதே மாதங்களில் அதே வீட்டில் இன்னோர் உடம்பும் மெல்ல நிமிர்ந்துகொண்டிருக்கிறது. குழந்தை செங்கீரை ஆடும் ஐந்தாம் திங்களில் அதைப் பெற்றவளின் இடுப்பு எந்நிலையில் இருக்கும்? சப்பாணி கொட்டும் ஒன்பதாம் திங்களில் அவள் வயிற்றுத் தசைகள் ஒன்றுகூடிவிட்டனவா? அந்தப் பருவங்களை யாரும் பாடவில்லை. பிள்ளைத்தமிழில் தாய் வருகிறாள்; தாலாட்டுகிறாள், முத்தம் கேட்கிறாள், அம்புலியை அழைக்கிறாள். அவளுக்குக் குரல் இருக்கிறது, கை இருக்கிறது. வயிறு இல்லை. மகப்பேற்றுக்குப் பின் தாயின் வயிற்றை மீட்டெடுக்கும் பயிற்சிகளின் வரலாற்றைத் தேடிச் சென்றபோது நம்மைத் தொடர்ந்து வந்த கேள்வி இதுதான். அந்த உடம்பின் மாதங்களை யார் எண்ணினார்கள்?

*

எண்ணுவதற்கு முன் பெயர் வேண்டும். பெயர் நம்மிடம் இருந்தது. 'புனிறு' என்னும் சொல்லுக்குத் தொல்காப்பியர் உரியியலில் பொருள் சொல்கிறார்: ஈன்று நெடுநாள் ஆகாத அணிமைநிலை. ஈன்ற அணிமையில் இருக்கும் பசு புனிற்றா. ஈன்ற உடம்பு மற்ற உடம்புகளைப் போன்றதன்று, அது சில நாள் வேறொரு நிலையில் இருக்கிறது, பிறகு அந்நிலை தீர்கிறது என்னும் அறிவு இச்சொல்லுக்குள் இருக்கிறது. இதே அறிவைப் பேச்சுவழக்கு 'பச்சை உடம்பு' என்கிறது. பச்சை மண்பாண்டம் போல, இன்னும் சூளையில் வேகாத உடம்பு என்று நாம் அதைப் புரிந்துகொள்ளலாம்.

சங்க இலக்கியத்தில் இந்தப் புனிற்று நிலையின் இரண்டு காட்சிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவது நற்றிணையின் நாற்பதாம் பாட்டு. காவல் உடைய செல்வ மனை, மணி ஒலிக்கிறது, பந்தலில் மணல் பரப்பியிருக்கிறார்கள். பிறந்த மகன் செவிலியோடு உறங்குகிறான். ஈன்றவள் வெண்சிறுகடுகு அப்பி, நெய்யாடி, நெய் ஊறிய மெல்லிய உடம்போடு கண்மூடிக் கிடக்கிறாள். அவளுக்கு ஓய்வு இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கிறது.

இரண்டாவது காட்சி செய்யூர் வட்டத்துக்கே உரியது. சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இன்று செய்யூர் வட்டத்தில் ஒரு பேரூராட்சி. ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகள் கடலைப் பார்த்து நிற்கும் பகுதி. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் புகழும் 269 அடிப் பாட்டில், பாணன் தன் பழைய வறுமையை நினைவுகூரும் இடம் ஒன்று உண்டு. கூரை இற்றுச் சரிந்த அடுக்களை. அங்கே அண்மையில் ஈன்ற நாய் ஒன்று கிடக்கிறது. கண் திறவாத குட்டிகள் பாலுக்கு முட்டுகின்றன. பால் வற்றிய மடியை அவை இழுப்பதைத் தாங்கமாட்டாமல் தாய் குரைக்கிறது. அதே வீட்டில் பசியால் இடை ஒடுங்கிய பெண் ஒருத்தி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பின்றி வேகவைத்து, பிறர் கண்டால் இழிவு என்று கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள்.

உப்பளங்களின் நாட்டுக் கவிஞர் உப்பில்லாத கீரையைப் பாடினார் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இதே பாட்டில் உமணரின் உப்பு வண்டிகளும் வருகின்றன. நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஈன்ற உடம்பின் துன்பத்தை அவர் நேராகப் பார்த்தார். பார்த்ததை ஒரு நாயின் உடம்பில் வைத்துச் சொன்னார். பெண்ணுக்குச் சொல்லக் கூசியதை நாய்க்குச் சொல்ல முடிந்தது போலும்.

இப்பகுதியை முதுகலை வகுப்பில் நடத்தியபோது, மகப்பேறு முடிந்து நான்காம் மாதத்தில் படிப்புக்குத் திரும்பியிருந்த மாணவி ஒருவர் வகுப்பு முடிந்ததும் தங்கிப் பேசினார். ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார இடுப்பு இடம் கொடுக்கவில்லை என்றார். எழும்போது நடுவயிறு கூம்பாகப் புடைக்கிறதாம். வீட்டுக்கு அனுப்பும்போது குழந்தையின் தடுப்பூசி நாட்கள் அனைத்தையும் அட்டையில் எழுதிக் கொடுத்தார்களாம். அவருடைய வயிற்றைப் பற்றிச் சொன்னது ஒரே வாக்கியம், 'கனம் தூக்காதீர்கள்'. எத்தனை நாளைக்கு என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இக்கட்டுரை அந்த உரையாடலிலிருந்து தொடங்கியது.

*

மருத்துவமனைக்கு முந்திய காலத்தில் நாட்கணக்கு இருந்தது. பிள்ளை பெற்றவளை வெந்நீரில் குளிப்பாட்டும் முறை வட தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்றும் மூத்த பெண்களுக்குத் தெரியும். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, இடுப்பிலும் அடிவயிற்றிலும் பொறுக்கும் சூட்டில் நீரை வீசி ஊற்றுவார்கள். பிறகு பழம்புடவையையோ வேட்டியையோ நீளவாக்கில் மடித்து வயிற்றைச் சுற்றிக் கட்டுவார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி சேர்த்த காயமருந்தும் பிரசவ லேகியமும் உண்டு. பூண்டு உண்டு, பத்தியம் உண்டு. குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, உரத்துப் பேசக் கூடாது. நாற்பது நாள் வரை இந்தக் கட்டுப்பாடு நீளும். யாழ்ப்பாணத்தில் முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவு. அங்கும் காயமும் வேதும் உண்டு. மலேசியாவில் மலாய்ப் பெண்கள் 'பெங்கோங்' என்னும் நீண்ட துணியால் வயிற்றைச் சுற்றிக் கட்டி நாற்பது நாளுக்குக் குறையாமல் காப்பிருக்கிறார்கள்.

இவற்றைக் கண்மூடி வணங்கவும் வேண்டியதில்லை, கண்மூடித் தள்ளவும் வேண்டியதில்லை. உடம்புக்குள் நிகழ்வதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிள்ளை பிறந்தவுடன் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள கருப்பை, ஆறு வாரத்துக்குள் நூறு கிராமுக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. ஆறு வாரம் என்பது நாற்பத்திரண்டு நாள். பாட்டியின் நாற்பது நாளும் மருத்துவ நூலின் நாற்பத்திரண்டு நாளும் இவ்வளவு நெருங்கி நிற்பதை வெறும் தற்செயல் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் வயிறு என்பது கருப்பை மட்டுமன்று. விலா எலும்பின் கீழிருந்து இடுப்பெலும்பு வரை இறங்கும் இரண்டு நேர்தசைகள் உள்ளன. அவை நடுவே வெண்கோடு என்னும் நார்ப்பட்டையால் இணைந்திருக்கின்றன. கரு வளர வளர அந்தப் பட்டை அகன்று மெலிகிறது. இரு தசைகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. அவற்றுக்கு உள்ளே, இடுப்பைச் சுற்றிக் கச்சை போல ஓடும் குறுக்குத் தசை தளர்கிறது. கீழே கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் இழுபடுகின்றன. பிள்ளை பிறந்த பின் கருப்பை தானாகச் சுருங்கும். தசைகள் ஓரளவு தாமாகக் கூடும். மீதியைப் பயிற்சிதான் கூட்ட வேண்டும்.

துணிக்கட்டு இங்கே என்ன செய்கிறது? தளர்ந்த வயிற்றுக்கு வெளியிலிருந்து ஒரு தாங்கலைத் தருகிறது. இருமும்போதும் எழும்போதும் நம்பிக்கை தருகிறது. அறுவைசிகிச்சை செய்துகொண்டவருக்கு வலி சற்றுக் குறையலாம். தசையை அது வளர்ப்பதில்லை. அளவுக்கு மீறி இறுக்கினால் அழுத்தம் கீழ்நோக்கிச் சென்று, ஏற்கெனவே தளர்ந்த இடுப்புத்தளத்துக்குச் சுமையாகிவிடும். கட்டு ஊன்றுகோல், நடை கற்பது காலின் வேலை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நாற்பது நாள் எல்லாப் பெண்களுக்கும் கிடைத்ததன்று. நற்றிணைத் தலைவிக்கு நெய்யாட்டும் செவிலியும் கிடைத்தன; சிறுபாணாற்றுப்படையின் வீட்டில் உப்பு கூட இல்லை. செய்யூர்க் கழிமுகத்தைச் சுற்றிய அளங்களிலும் மதுராந்தகம் பக்கத்துக் கழனிகளிலும் நாட்கூலிக்குச் சென்ற பெண்களின் வீட்டில், உலை ஏறுவது அன்றைய கூலியைப் பொறுத்தது. பச்சை உடம்பு என்று அறிந்தே அவர்கள் வேலைக்கு இறங்கினார்கள். 'அந்தக் காலத்தில் பிள்ளை பெற்ற மறுவாரமே களைபறிக்கப் போனோம்' என்று பெருமையாகச் சொல்லப்படுவதைக் கேட்கும்போது, அந்தப் பெருமைக்கு அடியில் கருப்பை இறங்கிய வேதனையையும் சிறுநீர் அடங்காத நாணத்தையும் யாருக்கும் சொல்லாமல் வாழ்ந்தவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கத் தோன்றுகிறது. அதைச் சொல்வதற்கு ஒரு நாயின் உடம்பு கூட அவர்களுக்கு வாய்க்கவில்லை.

*

சென்னையில் 1844 இல் மகப்பேற்றுக்கென ஒரு மருத்துவமனை தொடங்கப்பட்டது. அதுவே இன்று எழும்பூரில் இருக்கும் அரசு தாய் சேய் மருத்துவமனை. 1885 இல் மேரி ஷார்லீப் முயற்சியால் கோஷா மருத்துவமனை எழுந்தது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி பெயரைத் தாங்கி நிற்பது அதுவே. எழும்பூரின் முதல் இந்தியக் கண்காணிப்பாளரான ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் மகப்பேற்று மருத்துவம் குறித்து எழுதிய பாடநூல் 1938 இல் வெளிவந்து, தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்களுக்குக் கைந்நூலாயிற்று. இந்த நிறுவனங்கள் காப்பாற்றிய உயிர்கள் எண்ணிறந்தன. அதில் நமக்கு ஐயமில்லை. மகப்பேற்றில் தாய் சாகாமல் இருப்பதே அன்றைய முதற்கவலை. வயிற்றுத் தசையைப் பற்றி நினைக்க அப்போது ஓய்வு எங்கே?

அந்த நினைப்பு வேறோர் ஊரில் தொடங்கியது. இங்கிலாந்தில் பிள்ளை பெற்ற பெண்ணை நெடுநாள் படுக்கையிலேயே கிடத்தும் வழக்கம் இருந்தது. மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் ஒயிட் 1773 இலேயே அதைக் கண்டித்து, காற்றோட்டமும் விரைவில் எழுந்து உட்காருவதும் வேண்டும் என்று எழுதினார். ஆயினும் படுக்கை வழக்கம் மறையவில்லை. 1912 இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் மகப்பேற்று மருத்துவர் ஃபேர்பேர்ன், அங்கிருந்த மின்னி ரேண்டல் என்னும் பெண்ணிடம், பிள்ளை பெற்றவர்கள் படுக்கையில் இருந்தபடியே செய்யத்தக்க பயிற்சிகளை வகுத்துத் தருமாறு கேட்டார். ரேண்டல் இயன்முறைப் பயிற்சியில் தேர்ந்தவர். மூச்சு, கணுக்கால் அசைவு, வயிற்றை உள்ளிழுத்தல் என்று சிறிது சிறிதாக ஒரு வரிசை உருவாயிற்று. நடனக் கலைஞரான மார்கரெட் மாரிஸ் அவரோடு சேர்ந்தார். தாய்மார்க்கும் அறுவைசிகிச்சை செய்துகொண்டோர்க்குமான பயிற்சிகளைப் பற்றிய நூல் ஒன்றை மாரிஸ் 1936 இல் வெளியிட்டார். ரேண்டலின் நூல் 1939 இல் வந்தது. இலக்கிய வாசகர்களாகிய நாம் இங்கே ஒரு கணம் நின்று பார்க்கலாம்: செவிலியும் நடனக்காரியும் கைகோத்து உருவாக்கிய துறை இது.

1948 இல் இரண்டு நிகழ்ச்சிகள். மகப்பேற்றுத் துறையில் பணியாற்றிய இயன்முறை மருத்துவர்கள் இங்கிலாந்தில் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். அமெரிக்காவில் ஆர்னால்டு கெகல் என்னும் மருத்துவர், இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்கி விரிக்கும் பயிற்சியால் சிறுநீர்க் கசிவைக் கட்டுப்படுத்தலாம் என்று கட்டுரை எழுதினார். அப்பயிற்சி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. சிறுநீர்க் கசிவு 'பிள்ளை பெற்றவளுக்கு அப்படித்தான்' என்று விதியாகக் கருதப்பட்ட காலத்தில், அது ஒரு தசையின் தளர்ச்சி, பயிற்சியால் திருந்தக்கூடியது என்று சொன்னதே பெரிய மாற்றம்.

1976 இல் ஆஸ்திரேலியாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற எலிசபெத் நோபிள் எழுதிய நூல், நேர்தசைகளின் விலகலைத் தாயே விரலால் அளந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையைச் சற்றே தூக்கினால் தொப்புளுக்கு மேலும் கீழும் இரு தசைகளின் ஓரங்கள் விரலுக்குத் தட்டுப்படும். இடையே எத்தனை விரல் நுழைகிறது என்பதே அளவு. கருவி வேண்டாம், கட்டணம் வேண்டாம். 1996 இல் ஆஸ்திரேலியாவின் ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும் செய்த ஆய்வு, கையை அசைக்கும் முன்பே உள்ளிருக்கும் குறுக்குத் தசை இயங்கி முதுகைத் தாங்குகிறது என்றும், முதுகுவலி உள்ளோரிடம் அவ்வியக்கம் தாமதமாகிறது என்றும் காட்டியது. அதன் பிறகு பயிற்சியின் தொடக்கப்புள்ளி மாறியது. மல்லாந்து கிடந்து மேலுடம்பைத் தூக்கித் தூக்கி இறக்குவது முதற்படியாக இருக்கவில்லை. மூச்சை வெளிவிட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளிழுப்பது முதற்படியாயிற்று.

2016 இல் நார்வே ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கணக்கு நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. முதல் முறை தாயாகும் 300 பெண்களை அவர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டு விரலோ அதற்கு மேலோ தசை விலகியிருந்தவர்கள், பிள்ளை பிறந்த ஆறாம் வாரத்தில் நூற்றுக்கு 60 பேர். ஆறாம் மாதத்தில் 45 பேர். பன்னிரண்டாம் மாதத்தில் 33 பேர். பெரும்பாலும் சிறிய விலகல்தான். விலகல் உள்ளவர்களுக்கு முதுகுவலி கூடுதலாக இருக்கவில்லை என்பதையும் அதே ஆய்வு குறிக்கிறது. ஆகவே விலகல் இருக்கிறது என்பதற்காக யாரும் அஞ்ச வேண்டியதில்லை. நமக்கு இதில் முக்கியம், எண்ணியவிதம். ஆறாம் வாரம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம். காப்பு, செங்கீரை, வருகை போலவே தாயின் உடம்புக்கும் பருவங்கள் உண்டு என்று அந்த எண்கள் சொல்கின்றன. கருப்பைக்கு நாற்பது நாள் போதும். தசைக்கு ஓராண்டும் போதாமற் போகலாம். நம் மரபின் கணக்கு நாற்பதாம் நாளில் நின்றுவிட்டது. அதற்குப் பிந்திய மாதங்களை எண்ண அதற்குத் தெரியவில்லை.

*

எண்ணத் தெரியாததற்கு இலக்கியத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று நாம் கருதுகிறோம். பெண்ணின் இடையை நம் கவிதை எப்படிப் பாடியிருக்கிறது? நுசுப்பு, மருங்குல், நுண்ணிடை, கொடியிடை, இல்லாத இடை. மெலிவே அழகு. அந்த உவமை மரபுக்கும் இன்றைய விளம்பரத்துக்கும் நெடுந்தொலைவு இல்லை. 'முப்பதே நாளில் பழைய இடை' என்று விற்கப்படும் பயிற்சிகளும் இடுப்புப் பட்டைகளும் தாயின் வயிற்றைக் காண்பவர் கண்ணுக்காகச் சீர்செய்ய முனைகின்றன. அவசரத்தில் செய்யப்படும் கடும் பயிற்சிகள் விலகிய தசைமீது அழுத்தத்தை ஏற்றி, நடுவயிற்றை மேலும் புடைக்கச் செய்யலாம்.

நத்தத்தனாரை மறுபடி நினைக்க வேண்டிய இடம் இதுதான். அவரும் ஒடுங்கிய நுண்ணிய இடையைப் பாடினார். ஆனால் அது பசியால் ஒடுங்கியது என்று காரணத்தையும் சேர்த்துச் சொன்னார். வழக்கமான அழகுச்சொல்லை எடுத்து அதற்குள் பட்டினியை வைத்தார். இடை மெலிந்திருக்கிறதா என்பது கேள்வியன்று, அந்த உடம்புக்குள் என்ன நிகழ்கிறது என்பதே கேள்வி என்று கற்றுத்தந்தவர் இந்த வட்டத்துக் கவிஞர். வயிற்றுப் பயிற்சி தட்டையான வயிற்றுக்காக அன்று. குழந்தையை இடுப்பில் வைத்துக் குடத்தைத் தூக்கவும், சிரிக்கும்போதும் தும்மும்போதும் அஞ்சாதிருக்கவும், மூன்று மணி நேரத் தேர்வை உட்கார்ந்து எழுதவும்தான்.

*

சட்டமும் அரசும் என்ன எண்ணின? 1919 இல் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, பிள்ளை பிறந்த பின் ஆறு வாரம் பெண்ணை வேலை வாங்கக் கூடாது என்று உடன்படிக்கை செய்தது. சென்னை மாகாணத்தில் தொழிற்சாலைப் பெண்களுக்கான மகப்பேற்று உதவிச் சட்டம் 1934 இல் வந்தது. இந்தியா முழுமைக்குமான 1961 ஆம் ஆண்டுச் சட்டம் அதே ஆறு வாரத் தடையை வைத்து, பன்னிரண்டு வார ஊதிய விடுப்பைத் தந்தது. 2017 இல் அது இருபத்தாறு வாரமாயிற்று. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு. மிக நல்லது. ஆனால் ஒரே முதலாளியிடம் எண்பது நாள் வேலை செய்த கணக்கைக் காட்ட முடியாத கழனிப் பெண்ணுக்கும் அளத்துப் பெண்ணுக்கும் 1961 ஆம் ஆண்டுச் சட்டம் எட்டாக் கனியாகவே இருந்தது. அவர்களை நோக்கியது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டம். இழந்த கூலிக்கு ஈடும் சத்துணவும் அதன் நோக்கம்; 2006 இல் 6,000 ரூபாயாகவும், 2011 இல் 12,000 ரூபாயாகவும், 2018 இல் பெட்டகங்கள் உட்பட 18,000 ரூபாயாகவும் அது உயர்ந்தது. நற்றிணைத் தலைவியின் ஓய்வில் ஒரு சிறு பகுதியையாவது சிறுபாணாற்றுப்படை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் முயற்சி என்று அதைச் சொல்லலாம்.

2015 இல் அரசு மருத்துவமனைகளில் பிள்ளை பெற்றவர்களுக்குக் குழந்தை நலப் பரிசுப் பெட்டகம் வழங்கத் தொடங்கினார்கள். பதினாறு பொருள்கள். துண்டு, கொசுவலை, எண்ணெய், கிலுகிலுப்பை என்று பெரும்பாலும் குழந்தைக்கு. தாய்க்குச் சோப்பும் கைகழுவும் திரவமும், கூடவே சௌபாக்கிய சுண்டி லேகியமும். பாட்டியின் லேகியம் அரசுப் பெட்டகத்துக்குள் வந்து சேர்ந்தது. பாட்டியின் கையும் நாட்கணக்கும் அதனோடு வரவில்லை.

2019-21 இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனையில் நிகழ்கின்றன; நாடே வியக்கும் சாதனை. அதே ஆய்வின்படி நூற்றுக்கு 44.9 அறுவைசிகிச்சைப் பிரசவங்கள். முந்திய சுற்றில் அது 34.1. அறுவையில் நேர்தசைகளைப் பெரும்பாலும் வெட்டுவதில்லை. நடுவே விலக்கிப் பிறகு கூட்டுகிறார்கள். இருந்தாலும் வயிற்றுச்சுவரின் அடுக்குகள் அறுத்துத் தைக்கப்படுகின்றன. மூட்டிலோ தோளிலோ அறுவை செய்துகொண்டவரை இயன்முறை மருத்துவரிடம் அனுப்புவது இன்று இயல்பு. வயிற்றில் அறுவை செய்துகொண்ட தாய் கைக்குழந்தையோடு வீட்டுக்குப் போகிறாள், மறுநாளே தூக்கவும் குனியவும் தொடங்குகிறாள்.

2011 இல் நடுவணரசு கொண்டுவந்த வீட்டுவழிப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தில், மருத்துவமனையில் பிறந்த குழந்தையைப் பார்க்க 3, 7, 14, 21, 28, 42 ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வர வேண்டும். தாய்க்குக் காய்ச்சல், இரத்தப்போக்கு உண்டா என்றும் பார்ப்பார்கள். ஆயினும் திட்டத்தின் பெயரே பிள்ளைத்தமிழ். தாய் சேய் அட்டையில் குழந்தை தலை நிமிர்த்துவதும் குப்புற விழுவதும் உட்காருவதும் மாதவாரியாகக் குறிக்கப்படுகின்றன. வீரராகவ முதலியார் பாடிய பருவங்களின் அச்சிட்ட வடிவம் என்றே அந்த அட்டை நமக்குத் தோன்றியது. தாயின் மாதங்களுக்கு அதில் அப்படியொரு கோடு இல்லை.

அந்தக் கோட்டைச் சேர்ப்பது பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று. குழந்தைக்கு ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் தடுப்பூசி. தாய் எப்படியும் அந்த நாட்களில் வருகிறாள். குழந்தைக்கு ஊசி போட்ட பின், தாயையும் ஐந்து நிமிடம் படுக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேல் விரலை வைத்துப் பார்க்கலாம். இருமும்போது நீர் கசிகிறதா என்று தனியே அழைத்துக் கேட்கலாம். தானாக அவள் சொல்லமாட்டாள். எழும்போது நேரே நிமிராமல் ஒருக்களித்துக் கையூன்றி எழுவது, மூச்சை விட்டபடி அடிவயிற்றை உள்ளிழுப்பது, இடுப்புத்தளத்தைச் சுருக்கி விடுவது, முழங்கால் மடித்துப் படுத்து இடுப்பை மெல்லச் சாய்ப்பது, பிறகு நடை. இவை ரேண்டல் காலத்திலிருந்து திருத்தித் திருத்தி வந்த எளிய வரிசை. அறுவை செய்துகொண்டவர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். வலி, அதிக இரத்தப்போக்கு இருந்தால் நிறுத்த வேண்டும். அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கல்லூரி 2018 இல், முதல் மூன்று வாரத்துக்குள் ஒருமுறை தாயைத் தொடர்புகொள்ளவும், பன்னிரண்டு வாரத்துக்குள் முழுமையாகப் பார்க்கவும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பத்தாம் வாரத் தடுப்பூசி நாளே நமக்கு அதற்குப் போதும்.

அந்த மாணவி பிறகு ஓர் இயன்முறை மருத்துவரைப் பார்த்தார். இரண்டரை விரல் விலகல் என்று அளந்து சொன்னார்களாம். நாள்தோறும் கால் மணி நேரம் பயிற்சி. பருவத்தேர்வு வருவதற்குள் ஒன்றரை விரலாயிற்று என்று வந்து சொன்னபோது, அதை மதிப்பெண் சொல்வது போல் சொன்னார். குழந்தை அப்போது சப்பாணி கொட்டத் தொடங்கியிருந்தது.

புனிறு தீர்தல் என்பதைத் தீட்டுக் கழிதல் என்று நாம் நெடுங்காலம் எண்ணிவிட்டோம். நாளைக் குறித்து, நீர் தெளித்து, வீட்டைத் தூய்மை செய்தால் அது முடிந்துவிட்டதாகக் கொண்டோம். தீர வேண்டியது வீட்டின் தீட்டு அன்று, உடம்பின் தளர்ச்சி. அது தீரும் நாளை ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியே, விரல் வைத்துத்தான் எண்ண வேண்டும்.